போர்க்காலத்தில் பண்பாட்டுச் செல்வமும் மொழிச்சான்றும்: அபர்டீன் பஜார், 1942–1945

1. முன்னுரை

போரில் அழிவன எவை என்னும் வினாவிற்கு உயிரும் உடைமையும் என விடை கூறி அமைவது வழக்கம். இவ்விரண்டனுள் எளிதில் அடங்காத மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஒரு மக்கட்கூட்டம் தன்னை இன்னாரென அறிந்துகொள்ளத் துணைநிற்கும் கட்டடங்கள், ஏடுகள், ஆவணங்கள், பாடல்கள், வழக்காறுகள், மொழிகள் ஆகியவை அவ்வகையைச் சாரும். இவற்றைப் பண்பாட்டுச் செல்வம் எனத் தொகுத்துக் கூறலாம். போர்க்காலத்தில் இச்செல்வத்தைக் காப்பதன் இன்றியமையாமை குறித்துப் பன்னாட்டுச் சட்டங்கள் பலவும் பேசுகின்றன. ஆயினும் அவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பொருள்களைப் பற்றியே பேசுகின்றன. மொழியோடு தொடர்புடைய செல்வத்தைக் காப்பது எவ்வாறு என்பது இன்னும் தெளிவுபெற வேண்டிய பகுதியாகவே உள்ளது.

இரண்டாம் உலகப்போரில் நீண்டகாலம் பகைநாட்டின் ஆட்சியில் இருந்த இந்திய நிலப்பகுதி அந்தமான் நிக்கோபார் தீவுகளேயாகும். 1942 மார்ச்சு 23 முதல் 1945 அக்டோபர் வரை அவை ஜப்பானியர் வசம் இருந்தன. அந்நாளில் போர்ட் பிளேர் எனவும், 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் எனவும் வழங்கும் தலைநகரின் நடுவிடமாகிய அபர்டீன் பஜாரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சான்றாகக் கொண்டு, போரில் மொழிச்செல்வம் எவ்வெவ்வழிகளில் அழிகிறது, எவ்வெவ்வழிகளில் எஞ்சுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. பொருள், பதிவு, ஆள் என்னும் மூன்றில் பொருள் ஒன்றையே காத்தல் போதாது என்பதும், பதிவையும் ஆளையும் காக்கும் பணி அமைதிக்காலத்தில் தொடங்க வேண்டியது என்பதும் இதன் கருத்தாகும்.

2. சொல்லும் வரையறையும்

2.1. ஹேக் உடன்படிக்கை

1907ஆம் ஆண்டு ஹேக் நகரில் வகுக்கப்பட்ட நிலப்போர் விதிகள், சமயம், அறம், கல்வி, கலை, அறிவியல் ஆகியவற்றிற்குரிய நிறுவனங்களின் உடைமைகளைக் கைப்பற்றுவதையும் அழிப்பதையும் தடைசெய்தன. ஜப்பான் இவ்விதிகளை 1911இல் ஏற்றது. எனவே அந்தமானில் நிகழ்ந்தவை விதியில்லாத காலத்தில் நிகழ்ந்தவை அல்ல; விதி இருந்தும் நிகழ்ந்தவை.

இரண்டாம் உலகப்போரின் பட்டறிவிலிருந்து எழுந்ததே 1954 மே 14 அன்று யுனெஸ்கோவின் முயற்சியால் உருவான ஹேக் உடன்படிக்கை. இந்தியா 1958இல் இதனை ஏற்றுறுதி செய்தது. எந்த மக்களுக்கு உரியதாயினும் ஒரு பண்பாட்டுச் செல்வத்திற்கு நேரும் கேடு மனித இனம் முழுமைக்கும் நேரும் கேடு என்பது இதன் முகப்புரையில் அமைந்த அடிப்படைக் கருத்து. கட்டடங்கள், கலைப்பொருள்கள், கையெழுத்துப் படிகள், நூல்கள், ஆவணத் தொகுதிகள், இவை வைக்கப்பட்டுள்ள அருங்காட்சியகங்கள், நூலகங்கள் ஆகியன இதன் வரையறையுள் அடங்கும். வாய்மொழி வழக்கும் மொழியும் அடங்கா. 2003ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை தொட்டுணரவியலாப் பண்பாட்டு மரபைப் பேசும்போது மொழியைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அங்கும் மொழி தன்னளவில் மரபாகக் கொள்ளப்படாமல் அம்மரபின் ஊர்தியாகவே கொள்ளப்படுகிறது. மொழியியலார் கருதத்தக்க வேறுபாடு இது.

2.2. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

1954ஆம் ஆண்டு உடன்படிக்கை ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம், எசுப்பானியம் என்னும் நான்கு மொழிகளிலும் ஒத்த தகுதியுடன் இயற்றப்பட்டது. தமிழில் இதன் கருத்துகளைச் சொல்ல முற்படுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் மூன்று இங்குக் குறிக்கத்தக்கவை.

முதலாவது, தலைமைச் சொல்லாகிய 'கல்ச்சுரல் பிராப்பர்ட்டி' என்பது. இதனைப் 'பண்பாட்டுச் சொத்து' எனப் பெயர்த்தால் 'யாருடைய சொத்து' என்னும் வினா உடன் எழும். தமிழில் சொத்து என்பது உரிமையாளரையும் விலையையும் நினைவூட்டும் சொல். 'செல்வம்' என்பது கல்விச்செல்வம், மழலைச்செல்வம் என்றாற்போல விலைக்கு அப்பாற்பட்ட மதிப்பையும் சுட்டவல்லது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'மரபுரிமை' என்பது வழிவழி வருதலையும் உரிமையையும் ஒருங்கே உணர்த்தும். எதிரியின் ஊரிலுள்ள ஒரு கோயில் தனக்கும் செல்வமே எனப் படைவீரன் உணர வேண்டுமாயின், 'சொத்து' என்பதைவிடப் பின்னவை இரண்டும் பொருத்தமானவை எனலாம்.

இரண்டாவது, காப்பு என்னும் பொதுச்சொல்லின் கீழ் அமையும் இருவகைச் செயல்கள். அமைதிக்காலத்திலேயே செய்யவேண்டிய முன்னேற்பாடு ஒன்று. போர் நேர்ந்தபின் தாக்காமலும் கவராமலும் விலகி நிற்றல் மற்றொன்று. உடன்படிக்கையின் மூன்றாம், நான்காம் உறுப்புகள் இவற்றைத் தனித்தனியே கூறுகின்றன. தமிழில் இரண்டையும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லால் குறித்தால் முன்னேற்பாடு என்னும் கடமை மறைந்துவிடும். முன்னதைப் 'பேணுகை' எனவும், பின்னதை 'மதித்தொழுகல்' எனவும், இரண்டையும் தழுவிய பொதுமையைக் 'காப்பு' எனவும் வழங்குதல் தெளிவு தரும்.

மூன்றாவது, விதிவிலக்கு. போர்த்தேவை தவிர்க்கவே இயலாதவாறு வலியுறுத்தும்போது மட்டுமே காப்பினைக் கைவிடலாம் என்பது மூலத்தின் கருத்து. இதனை 'இராணுவத் தேவை ஏற்படின்' என எளிமைப்படுத்திப் பெயர்த்தால் எந்தத் தேவைக்கும் வழி திறந்துவிடும். இங்கு ஓர் அடைமொழியை விடுப்பது ஒரு மண்டபத்தை விடுப்பதற்கு ஒப்பாகும்.

3. தமிழ்நாட்டுச் சான்றுகள்

போர்க்காலக் காப்பு என்னும் கருத்து மேலைநாட்டிலிருந்து வந்தது என்னும் எண்ணம் முழுமையாகப் பொருந்தாது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் புறநானூற்று ஒன்பதாம் பாடல், போர் தொடங்குமுன் ஆக்களும், பார்ப்பனரும், பெண்டிரும், பிணியுடையோரும், புதல்வரைப் பெறாதோரும் அரண் சேருமாறு அறிவிக்கும் முறையைக் கூறுகிறது. இங்குக் காக்கப்படுவன உயிர்களே. மறுபுறம், பகைவர் நாட்டை எரியூட்டலைப் பாடும் 'எரிபரந்தெடுத்தல்' என்னும் துறையையும் தொல்காப்பியம் வஞ்சித்திணையில் வகுத்துள்ளது. அறமும் அழிவும் ஒரே இலக்கணத்தில் அருகருகே நிற்கின்றன.

கலைச்செல்வம் போரில் காக்கப்பட்டமைக்குக் கல்வெட்டுச் சான்றுகள் இரண்டு உள்ளன. எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைக் கைக்கொண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கவராது அக்கோயிலுக்கே திரும்ப அளித்த செய்தி அங்குக் கன்னடக் கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டுள்ளது. வென்றவன் தன் மொழியில், தோற்றவன் எடுப்பித்த கோயிலில் எழுதிவைத்த காப்புச் செய்தி அது.

இரண்டாவது சான்று மொழிச்செல்வத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின்மீது படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் ஒன்று, சோழநாட்டு மண்டபங்கள் இடிக்கப்பட்ட அப்போரில் பதினாறுகால் மண்டபம் ஒன்று மட்டும் இடிக்கப்படாது விடப்பட்டதைக் கூறுகிறது. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு அந்நூலுக்குப் பரிசாக வழங்கப்பட்ட மண்டபம் என்பதே அதற்குக் காரணம். பகைவனாகிய சோழனின் முன்னோன் கரிகாலனைப் பாடிய நூல் அது. ஆயினும் அந்நூல் தனக்கும் உரியது எனப் பாண்டியன் கருதியிருத்தல் வேண்டும். 1954இல் நாடுகள் பல கூடி எழுதிய முகப்புரையின் கருத்துக்கு இதனினும் நெருங்கிய தமிழ்ச்சான்று காண்டல் அரிது.

மண்டபம் இன்று காணக் கிடைக்கவில்லை. அது காக்கப்பட்ட செய்தி கல்லில் உள்ளது. அது எந்த நூலின் பொருட்டுக் காக்கப்பட்டதோ அந்த நூல் நம் கையில் உள்ளது. பொருளைவிடப் பதிவு நெடுங்காலம் வாழ்கிறது என்னும் உண்மை இதனால் பெறப்படும். அபர்டீன் பஜாரின் வரலாற்றை நோக்க இவ்வுண்மை துணைசெய்யும்.

4. அபர்டீன் பஜாரும் சுற்றுப்புறமும்

4.1. மொழிகள் கூடிய இடம்

1858 மார்ச்சில் பிரித்தானியர் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவினர். அபர்டீன் என்பது ஸ்காட்லாந்து நகரொன்றின் பெயர். 1859 மே மாதத்தில் அந்தமானியப் பழங்குடியினர் குடியேற்றத்தின்மீது தொடுத்த தாக்குதல் 'அபர்டீன் போர்' என வழங்குகிறது. எனவே இவ்விடத்தின் பெயரே இரண்டு வெவ்வேறு நினைவுகளைத் தாங்கியுள்ளது. மணிக்கூண்டைச் சுற்றி வளர்ந்த கடைத்தெருவில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து கைதிகளாகவும் காவலர்களாகவும் பணியாளர்களாகவும் வந்தோர் கூடினர். அவர்களிடையே அந்தமான் இந்துஸ்தானி என்னும் பொதுமொழி உருவாயிற்று. தமிழரும் இக்கலப்பில் இருந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆவர்.

4.2. பொருள்: எஞ்சிய கட்டடங்கள்

பஜாருக்கு அண்மையில் 1896க்கும் 1906க்கும் இடையில் கட்டப்பட்ட செல்லுலார் சிறை உள்ளது. அது நடுக்கோபுரத்திலிருந்து பிரிந்த ஏழு கிளைகளில் ஏறத்தாழ 700 தனியறைகளைக் கொண்டிருந்தது. 1941ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் அது சேதமுற்றது. ஜப்பானியர் காலத்தில் சில கிளைகள் இடிக்கப்பட்டன; விடுதலைக்குப் பின்னரும் இடிப்புத் தொடர்ந்தது. இன்று மூன்று கிளைகளே எஞ்சியுள்ளன. 1979இல் இச்சிறை தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. எதிரே கடலில் உள்ள ராஸ் தீவு, 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என வழங்குவது, குடியேற்றத்தின் தலைமையிடமாக இருந்து போருக்குப்பின் கைவிடப்பட்டது. அங்கு மரவேர்கள் பற்றிய சுவர்களையும் ஜப்பானியர் அமைத்த பதுங்கறைகளையும் இன்றும் காணலாம். பொருள் என்ற அளவில், சிதைந்தும் குறைந்தும் ஆயினும், அக்காலத்தின் சான்றுகள் இன்றும் கண்முன் நிற்கின்றன.

4.3. பதிவு: இழந்த ஆவணங்கள்

கட்டடத்திற்கு வாய்த்த இந்நிலை ஆவணத்திற்கு வாய்க்கவில்லை. குடியேற்றத்தின் அலுவலகப் பதிவேடுகளுள் பெரும்பகுதி ஆக்கிரமிப்புக் காலத்தில் அழிந்தது. ஜப்பானியர் தம் ஆட்சிக்காலத்து ஆவணங்களையும் தாம் விலகுமுன் அழித்தனர். எனவே அம்மூன்றரை ஆண்டுகளின் வரலாறு, உயிர்பிழைத்தோரின் வாய்மொழிகளையும், பின்னர் எழுதப்பட்ட நினைவுக்குறிப்புகளையும், வேற்றிடங்களில் இருந்த ஆவணங்களையும் கொண்டே எழுதப்பட வேண்டியதாயிற்று. ஒரு குடியேற்றத்தின் பதிவேட்டில் வெறும் கணக்குகள் மட்டும் இருப்பதில்லை. யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த மொழி பேசினார், எப்பெயரால் அழைக்கப்பட்டார் என்பனவும் அதில் இருக்கும். அந்தமான் இந்துஸ்தானி போன்ற கலப்புமொழியின் தோற்றத்தை ஆராய்வோர்க்கு இவையே முதன்மைச் சான்றுகள்.

1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் தேசியக்கொடியை ஏற்றினார். 1944இல் ஆசாத் ஹிந்து அரசின் சார்பில் தலைமை ஆணையராக வந்த ஏ. டி. லோகநாதனுக்குக் கல்வித்துறையைத் தவிர வேறு துறை எதுவும் நடைமுறையில் ஒப்படைக்கப்படவில்லை. ஆட்சியின் ஏனைய உறுப்புகள் மறுக்கப்பட்ட நிலையில் பள்ளிக்கூடம் ஒன்றே கையில் எஞ்சிற்று என்பது கருதத்தக்கது.

4.4. ஆள்: கவிஞரும் மொழிபெயர்ப்பாளரும்

அபர்டீன் பஜாரில் மருத்துவர் திவான் சிங் பெயரால் ஒரு குருத்துவாரா உள்ளது. 1897இல் சியால்கோட் பகுதியில் பிறந்த இவர், அரசு மருத்துவராக 1927இல் போர்ட் பிளேருக்கு மாற்றப்பட்டார். பஞ்சாபி மொழியில் யாப்புக் கட்டற்ற கவிதையைத் தொடக்கத்தில் எழுதியோருள் ஒருவர். 'வக்தே பாணி' என்னும் இவருடைய தொகுதி 1938இல் வெளிவந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் இந்திய சுதந்திரக் கழகத்தின் உள்ளூர்த் தலைமையை ஏற்றிருந்த இவர் மக்களின் சார்பில் ஜப்பானிய அதிகாரிகளிடம் எடுத்துரைத்தார். குருத்துவாராவைப் படையினரின் தகாத பயன்பாட்டிற்கு விடுக்க இவர் மறுத்ததாகக் கூறப்படுகிறது. 1943 அக்டோபரில் சிறைப்படுத்தப்பட்டுச் செல்லுலார் சிறையில் கொடிய வதைக்கு உள்ளாகி, 1944 சனவரி 14 அன்று உயிர்நீத்தார். நேதாஜி வந்து சென்றபோது இவர் அச்சிறையிலேயே இருந்தார். இவருடைய மறைவுக்கு இரண்டு வாரங்களுக்குப் பின்னர், சனவரி 30 அன்று, ஒற்றர் என்னும் ஐயத்தின்பேரில் 44 பொதுமக்கள் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

குருத்துவாராவைக் காக்க முயன்ற செயல் 1907ஆம் ஆண்டு விதிகள் கூறிய காப்பேயாகும். சட்டம் காக்கத் தவறியதைத் தனியொருவர் காத்தார், கட்டடம் நின்றது, காத்தவர் மாண்டார். அவரோடு அவர் இன்னும் எழுதியிருக்கக்கூடிய கவிதைகளும் மாண்டன. அச்சேறிய 'வக்தே பாணி' தீவுக்கு வெளியே வாழ்ந்தது. பிற கவிதைகள் 'அந்திம் லெஹ்ராங்' என்னும் தொகுதியாக அவர் மறைவுக்குப்பின் வெளியாயின.

இவருடைய பெயரும் நூற்பெயரும் மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு பாடம். 'காலேபாணி' என்பது இவர் ஏற்ற அடைமொழி. சொல்லளவில் 'கருநீர்' எனப்படும் இது, வழக்கில் கடல்கடந்த தண்டனையையும் அதனால் நேரும் குலநீக்கத்தையும் குறிக்கும். 'வக்தே பாணி' என்பது 'ஓடும் நீர்'. ஒரே 'பாணி' என்னும் சொல் பெயரில் சிறையாகவும் நூலில் விடுதலையாகவும் நிற்கிறது. தமிழில் இத்தண்டனையைத் 'தீவாந்தர தண்டனை' என்றே மக்கள் வழங்கினர். அதில் நீர் இல்லை, தீவே உள்ளது. எனவே இவ்விரு பெயர்களின் உறவைத் தமிழில் காட்ட, 'கருநீர்' என நேர்ச்சொல்லால் பெயர்த்து, அதன் வழக்குப்பொருளை விளக்கவுரையால் தருதலே ஏற்றதாகும்.

நிக்கோபாரில் ஜான் ரிச்சர்ட்சனின் வரலாறு வேறு முடிவைப் பெற்றது. விவிலியத்தைக் கார் நிக்கோபார் மொழியில் பெயர்த்த இவர் ஆக்கிரமிப்புக் காலத்தில் சிறைப்படுத்தப்பட்டும் உயிர்பிழைத்தார். பின்னர் ஆயராகவும், 1952இல் இத்தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். ஒரு மொழியின் எழுத்திலக்கியம் ஒருவரைச் சார்ந்து நிற்கும் நிலையில், அவ்வொருவரின் உயிர் பிழைத்தல் அம்மொழிக்கு எத்தகைய பேறு என்பது இதனால் விளங்கும்.

4.5. பேசுவோர்: பேரந்தமானிய மொழிகள்

குடியேற்றம் தொடங்கியபோது பேரந்தமானியர் பத்துக் குழுவினராக ஆயிரக்கணக்கில் வாழ்ந்தனர். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேரும், 1931இல் 90 பேரும், 1951இல் 23 பேருமே எஞ்சினர். இவ்வீழ்ச்சிக்குப் போர் முதற்காரணமன்று. குடியேற்றமும் அதனோடு வந்த தொற்றுநோய்களும் அழிவின் பெரும்பகுதியை முன்னரே நிகழ்த்திவிட்டன. ஆயினும் 90க்கும் 23க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில்தான் போர் நிகழ்ந்தது. அக்காலத்தில் ஜாரவா மக்களின் காடுகளும் ஜப்பானியரின் குண்டுவீச்சிற்கு உள்ளாயின. பேசுவோர் மிகச்சிலராகிவிட்ட அந்நிலையே பதிவு மிகவும் வேண்டப்பட்ட நிலை. பதிவு செய்ய எவரும் இல்லாது போன நிலையும் அதுவே.

எஞ்சியோரிடமிருந்து மொழியைப் பதிவுசெய்யும் முறையான பெருமுயற்சி 2005ஆம் ஆண்டளவில் அன்விதா அப்பி அவர்களால் மேற்கொள்ளப்பட்டது. அவருடைய அகராதி 2012இலும் இலக்கணம் 2013இலும் வெளிவந்தன. உடலுறுப்புப் பகுப்பின் அடிப்படையில் அமைந்த ஏழுவகை முன்னொட்டுகள் பெயர், வினை, அடை ஆகிய சொல்வகைகளில் ஊடுருவி நிற்பதை அவர் விளக்கினார். மனித மொழி இவ்வாறும் அமையக்கூடும் என்பதற்கு இது அரிய சான்று. அக்கா-போ மொழியின் இறுதிப் பேச்சாளராகிய போவா 2010 சனவரி 26 அன்றும், சாரே மொழியின் இறுதிப் பேச்சாளராகிய லிச்சோ 2020 ஏப்பிரலிலும் மறைந்தனர். போவா ஏறத்தாழ 85 வயதில் மறைந்தவர்; ஆக்கிரமிப்பின்போது இளம்பெண்ணாக வாழ்ந்தவர். அப்போரைத் தம் மொழியில் நினைவுகூர வல்ல நா அவரோடு அடங்கிற்று.

5. படியும் மொழிபெயர்ப்பும் காப்பாதல்

மேற்கூறிய இழப்புகளுக்கிடையில் ஒரு மாறான செய்தியும் உண்டு. போர்ட் பிளேர்ப் பகுதியில் பேசப்பட்ட அக்கா-பேயா மொழி போருக்கு முன்னரே வழக்கிழந்தது. ஆயினும் அம்மொழியின் சொல்வளமும் அமைப்பும் இன்றும் ஆராயக் கிடைக்கின்றன. ஈ. எச். மேன், ஆர். சி. டெம்பிள் ஆகியோர் இயேசு கற்பித்த செபத்தை இம்மொழியில் பெயர்த்து 1877இல் கல்கத்தாவில் அச்சிட்டனர். எம். வி. போர்ட்மன் தென்னந்தமான் மொழிகள் குறித்து எழுதிய நூல் 1898இல் கல்கத்தாவில் வெளிவந்தது. மேனின் அகராதி 1919 முதல் 1923 வரை பம்பாயிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் இடம்பெற்றது. இவற்றை எழுதியோர் குடியேற்ற ஆட்சியின் அதிகாரிகளே என்பதும், அவ்வாட்சியே அம்மக்களின் அழிவுக்கு வழிவகுத்தது என்பதும் மறக்கத்தக்கன அல்ல. எனினும் படிகள் வேற்றூர்களில் இருந்தமையால் போர்ட் பிளேரில் நேர்ந்தது அவற்றைத் தீண்டவில்லை. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒரே தீயில் அழியும் என்பதும், ஈரிடத்தில் இருப்பது எஞ்சும் என்பதும் இதன் சுருக்கம்.

இதனை வலியுறுத்தும் பெருஞ்சான்று யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி எரியூட்டப்பட்ட அந்நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. பன்மொழி அறிஞரும் தமிழ்ச் சொற்பிறப்பியல் ஆய்வாளருமாகிய தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார். அழிந்தவற்றுள் யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே படியும் இருந்தது எனச் சிலர் எழுதுவதுண்டு. சுவடி அழிந்தது பேரிழப்பே. ஆனால் அந்நூல் அழியவில்லை. 1879இலேயே சி. பிரிட்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்துவிட்டது. தமிழ்ப் பதிப்புகளும் அச்சேறியிருந்தன. பதிப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் நூறாண்டுக்கு முன்னர் செய்த பணி, தாம் அறியாத ஒரு தீயிலிருந்து அந்நூலைக் காத்தது. அச்சேறாத சுவடிகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

சென்னையும் 1942இல் இவ்வச்சத்தை அறிந்தது. போர்ட் பிளேர் வீழ்ந்த சில வாரங்களில், ஏப்பிரல் மாதத்தில், ஜப்பானியர் தாக்கக்கூடும் என்ற அச்சத்தால் நகர மக்கள் பெருந்தொகையினராக வெளியேறினர். திருவல்லிக்கேணியில் வாழ்ந்த உ. வே. சாமிநாதையர் திருக்கழுக்குன்றத்திற்குச் சென்று, அங்கேயே ஏப்பிரல் 28 அன்று மறைந்தார். அவர் அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தேடிப் பதிப்பித்த நூல்கள் அதற்குள் நாடெங்கும் பரவியிருந்தன. திரட்டிய சுவடிகளைப் பேண அவர் பெயரால் 1943இல் நூல்நிலையம் நிறுவப்பட்டது. சென்னைக்கு அஞ்சவும் அகலவும் காலம் கிடைத்தது. தீவிற்கு அது கிடைக்கவில்லை.

6. ஒரு மறுப்பும் விடையும்

மக்கள் மடியும்போது மண்டபத்தையும் ஏட்டையும் பற்றிக் கவலுதல் தகுமோ என்னும் மறுப்பு எழுதல் இயல்பு. உயிரே முதன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தமான் சான்று, இவை ஒன்றுக்கொன்று போட்டியிடும் இரு கடமைகள் அல்ல எனக் காட்டுகிறது. கவிஞரை வதைத்ததும் கவிதையை அழித்ததும் ஒரே செயல். ஆவணத்தை அழித்தது கொலையின் சுவட்டையும் அழித்தது. மாண்டோரின் பெயர்ப்பட்டியலை மீட்க எஞ்சியோர் பட்ட அல்லல், பதிவு என்பது நீதிக்கும் வேண்டப்படுவது என்பதற்குச் சான்று. 2016இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம், மாலி நாட்டின் திம்புக்டு நகரில் சமயக் கட்டடங்களைத் தகர்த்த ஒருவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தபோது, இத்தகைய அழிவு தனித்த போர்க்குற்றமாகவே கொள்ளப்பட்டது. அந்நகரின் பல்லாயிரம் கையெழுத்துப் படிகள் 2012, 2013 ஆண்டுகளில் நூலகத்தாராலும் குடும்பத்தாராலும் மறைவாகப் பமாக்கோ நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. காத்தோர் படைவீரர் அல்லர். ஏட்டின் அருமை அறிந்தோர்.

7. மொழியியலார், மொழிபெயர்ப்பாளர் கடமைகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறப்படும் கடமைகள் நான்கு.

முதலாவது, படியெடுத்துப் பரப்புதல். களப்பணியில் திரட்டிய ஒலிப்பதிவும் சொற்பட்டியலும் ஒரே நிறுவனத்தின் ஒரே அறையில் இருத்தல் ஆகாது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம், ஈழத்து நூல்களை மின்படிகளாக்கி யாவர்க்கும் எட்டச்செய்தமை இதற்கு நல்ல முன்மாதிரி.

இரண்டாவது, முன்னுரிமை வகுத்தல். அச்சேறியதைவிட அச்சேறாததும், பலர் பேசுவதைவிடச் சிலர் பேசுவதும் முதலில் பதிவு பெறவேண்டும். அந்தமான் இந்துஸ்தானியும், தீவுத் தமிழரின் பேச்சுவழக்கும், 1970களில் கச்சால் தீவில் குடியேற்றப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பியோரின் வழக்கும் இவ்வகையில் கருதத்தக்கவை.

மூன்றாவது, ஆளைக் காத்தல். கதைசொல்லி, பாடுநர், உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் ஆய்வுக்குத் தரவு தருவோர் மட்டுமல்லர், அவர்களே செல்வம். போர்க்காலக் காப்புத் திட்டங்களில் கட்டடங்களின் பட்டியலோடு இவர்களின் நலனும் இடம்பெற வேண்டும்.

நான்காவது, சட்டத்தைத் தமிழாக்குதல். 1954ஆம் ஆண்டு உடன்படிக்கையின் இருபத்தைந்தாம் உறுப்பு, அதன் வாசகத்தை அமைதிக்காலத்திலும் போர்க்காலத்திலும் இயன்றவரை பரப்புமாறு நாடுகளைக் கடப்பாட்டுக்கு உள்ளாக்குகிறது. தமிழ் பேசும் படைவீரனும் ஊர்மக்களும் அறியும் தமிழில், மேற்கூறிய சொல்வேறுபாடுகள் பிழையாத தமிழில், அது கிடைத்தல் வேண்டும். அது சட்டவல்லுநரால் மட்டும் இயலும் பணியன்று.

8. முடிவுரை

அபர்டீன் பஜாரின் சுற்றுப்புறத்தில் சிறை நிற்கிறது, பதுங்கறைகள் நிற்கின்றன, குருத்துவாரா நிற்கிறது. அவற்றுள் வாழ்ந்தோரின் சொற்களுள் எஞ்சியவை, போருக்கு முன்னரே எழுதப்பட்டும், அச்சிடப்பட்டும், பெயர்க்கப்பட்டும் தீவைக் கடந்து சென்றவையும், உயிர்பிழைத்தோர் பின்னர் வாய்மொழியாகத் தந்தவையும் மட்டுமே. போர் தொடங்கியபின் செய்யத்தக்க காப்பு, தாக்காது விடுதல் ஒன்றே. அது வென்றவனின் மனநிலையைச் சார்ந்தது. சுந்தரபாண்டியனைப் போன்றோர் எல்லாப் போரிலும் வருவதில்லை. பேணுகை என்னும் மற்றொரு பாதி எவர் மனநிலையையும் சாராதது. அது மொழியியலார், மொழிபெயர்ப்பாளர் கையில் இன்றே உள்ளது.